ஓடையின் வழியும் வீட்டு மனையும்

மஞ்சக்குட்டை ஊராட்சியைச் சேர்ந்த அங்கத்தினர்கள் வீடு கட்டக் கடன் கேட்டு அனுப்பும் மனுக்களைப் பரிசீலிக்கும்பொழுது ஒரு விஷயம் அடிக்கடி நம் கண்ணில் படுகின்றது. பட்டாவின் நகல் இருக்கும். வரிச் சீட்டு இருக்கும். ஜாமீன்தாரர்களின் கையொப்பமும் இருக்கும். கட்டட அனுமதி மட்டும் இராது. கேட்டால், "எங்கள் காட்டில் நாங்கள் வீடு கட்டிக்கொள்ள யாருடைய அனுமதி வேண்டும், ஐயா?" என்ற கேள்வியே பதிலாக வருகின்றது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், அதற்குரிய விடையைச் சற்று விரிவாகக் கூறுவது இப்பத்திரிகையைப் படிக்கும் விவசாயிகளுக்கும் நெசவாளர்களுக்கும் ஒருங்கே பயன்படும் எனக் கருதுகின்றோம்.

வெள்ளம் என்றால் ஆற்றங்கரைக்கும் தாழ்ந்த சமவெளிக்கும் உரிய தொல்லை, மலைமேல் இருப்பவனுக்கு அதனால் என்ன என்பது பொதுவான எண்ணம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. மலையில் விழும் மழைநீர் மிகக் குறுகிய தூரத்தில் 1,200 மீட்டர் இறங்கியாக வேண்டும். அப்படி இறங்கும் நீருக்கு நின்று நிதானிக்க நேரம் ஏது? ஆண்டில் பல மாதங்கள் வறண்டு, காப்பிச் செடிகளுக்கு இடையே ஒரு பள்ளம்போல் கிடக்கும் ஓடை, ஐப்பசி கார்த்திகையில் ஒரே இரவில் கற்பாறைகளை உருட்டி வருகின்றது. மலையில் வெள்ளம் என்பது இதுவே. அது தேங்கி நிற்காது, அடித்துக்கொண்டு போகும். மஞ்சக்குட்டையின் பெயரிலேயே குட்டை இருக்கின்றது. ஏற்காடு என்ற பெயரையும் ஏரியும் காடும் சேர்ந்தது என்றே சொல்லுகின்றனர். பெயர் வைத்தவர்கள் நீரைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுவிழந்தபடியே உள்நாட்டுக்குள் நகர்ந்தபொழுது நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வீடொன்றின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் உயிரிழந்ததும் இத்தகைய வடகிழக்குப் பருவமழையில்தான்.

இனி விதிகளைப் பார்ப்போம். மலைப்பகுதிகளில் கட்டடங்கள் கண்டபடி பெருகுவதைத் தடுக்கும் பொருட்டுத் தமிழக அரசு 1990இல் மலையிடப் பாதுகாப்பு ஆணையம் ஒன்றை அமைத்தது. நீலகிரி, கொடைக்கானல் போன்றே சேர்வராயன் மலைக் கிராமங்களும் இதன் பார்வைக்குள் வருகின்றன. இதன்படி, மலைக் கிராமத்தில் மனைப்பிரிவு போடுவதற்கும் கட்டடம் எழுப்புவதற்கும் மூன்று துறைகளின் கருத்து கேட்கப்படுகின்றது. புவியியல் மற்றும் சுரங்கத் துறை சரிவின் உறுதியைப் பார்க்கின்றது. வேளாண் பொறியியல் துறை மண் அரிப்பைப் பார்க்கின்றது. வனத்துறை அருகிலுள்ள காட்டைப் பார்க்கின்றது. மரம் வெட்டுவதற்கோ 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியே இருக்கின்றது. இத்தனைக்கும் பிறகே ஊராட்சியின் அனுமதி. கட்டடத்தின் பரப்பும் மாடிகளும் மிகும்பொழுது நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதலும் அவசியம்.

இவற்றோடு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் சேருகின்றன. நீர்நிலைக்கும் ஓடைக்கும் 15 மீட்டருக்குள் அமையும் மனைகளைத் தனியாகக் கவனித்து நிபந்தனை விதிக்க இவ்விதிகள் இடமளிக்கின்றன. வெள்ளம் சூழக்கூடிய இடமென்று தோன்றினால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். அத்துறைப் பொறியாளர் வந்து பார்த்து, தரைமட்டம் எவ்வளவு உயர வேண்டும், வடிகால் எவ்வழி செல்ல வேண்டும் எனக் குறிப்பார். அக்குறிப்பை வெறும் காகிதமென்று எண்ணி மடித்து வைத்துவிடுவோர் பலர். உண்மையில் மனையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நிபுணர் ஆலோசனை அதுவே.

ஓடைப் புறம்போக்கில் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளைக் காப்பதற்கென 2007இல் வந்த சட்டமும் அதனைத் தடுக்கின்றன. ஆனால் நாம் காணும் இடர்ப்பாடு பெரும்பாலும் புறம்போக்கில் இல்லை. சொந்தப் பட்டா நிலத்திலேயே இருக்கின்றது. புலப்படத்தில் ஓடையென்று கோடு போடாத, ஆனால் மழைக்காலத்தில் நீர் ஓடும் பள்ளங்கள் மலையில் எத்தனையோ உண்டு. நாம் பார்வையிட்ட ஒரு மனையில், மேட்டை வெட்டி எடுத்த மண்ணை அப்படியே பள்ளத்தில் கொட்டி நிரவி, அந்தப் புதுமண்ணின் மேலேயே அடித்தளம் போடுவதாக இருந்தார்கள். வெட்டிய பக்கம் சரிவின் கால் போயிற்று; கொட்டிய பக்கம் நீரின் வழி போயிற்று. ஒரே வேலையில் இரண்டு ஆபத்துக்கள்! பின்புறச் சுவரில் நீர் வடியத் துளைகூட விடவில்லை. மண்ணுக்குள் ஊறிய நீர் வெளியேற வழியின்றிச் சுவரைத் தள்ளும் வலிமையைக் கொத்தனார் அறியாதவர் அல்லர். செலவு குறையட்டும் என்று கேட்டவருக்குச் செலவைக் குறைத்துக் கொடுத்தார், அவ்வளவே.

காப்பித் தோட்டக்காரர்களுக்கு இந்த நுட்பம் புதிதன்று. சரிவுக்குக் குறுக்கே குழி எடுத்து நீரை நிறுத்துவதும், கற்கட்டு வைப்பதும், நிழல் மரங்களின் வேரால் மண்ணைப் பிணிப்பதும் அவர்கள் அன்றாடம் செய்பவை. காப்பிச் செடிக்குக் காட்டும் அக்கறையை வீட்டுக்குக் காட்டாமல் விடுவதுதான் விந்தை.

நெசவாளர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். திருமணிமுத்தாறு இம்மலைத் தொடரில் தோன்றிச் சேலம் நகரின் நடுவே செல்லுகின்றது. சரபங்காவின் நீரும் இம்மலையிலிருந்தே வருகின்றது. மேலே மரம் போய், மண் இறுகி, ஓடையின் வாய் அடைபட்டால், நீர் விரைந்தும் சேறு கலந்தும் கீழே வரும். நெசவாளனின் தறி தரைக்குக் கீழே இருக்கின்றது! குழித்தறியின் குழியில் அரை முழம் நீர் நின்றால் மிதிகட்டை ஊறும். பாவில் ஏற்றிய கஞ்சி கெடும். குழி காய்ந்து மீண்டும் கால் வைக்கும் வரையில் கூலி இல்லை. மேலே ஒரு விவசாயி ஓடையைவிட்டு விலகிக் கட்டுவது, கீழே ஒரு தறி ஓடுவதற்குத் துணையாகின்றது. கூட்டுறவு என்ற சொல்லைக் கூட்டங்களில் நிரம்பச் சொல்லுகின்றோம். மலைக்கும் சமவெளிக்கும் இடையே அது தண்ணீரின் வழியாகவே நடந்துகொண்டிருக்கின்றது.

விதிகளைப் புகழ்வது மட்டும் நம் நோக்கமன்று. இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கட்ட விரும்பும் மலைவாழ் குடியானவருக்கும், உல்லாச விடுதி எழுப்ப வரும் செல்வருக்கும் ஏறக்குறைய ஒரே வாசல்களைக் காட்டுகின்றோம். செல்வருக்கு வரைபடக்காரரும் வக்கீலும் உண்டு. குடியானவரோ இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் சென்று, அலுவலர் இல்லையென்று திரும்பி, ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்கின்றார். இணையவழியில் மனுச் செய்யலாம் என்கின்றனர். அதற்கும் யாரோ ஒருவர் எழுதித் தர வேண்டியிருக்கின்றது. மூன்றாவது முறை அலைந்தபின் அனுமதியில்லாமலே கட்டிவிடுகின்றார். சிறு வீடுகளுக்கு மூன்று துறையினரும் ஒரே நாளில் மலைக்கு வந்து மனைகளைப் பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாடு வேண்டுமென்பது நம் உறுதியான கருத்து. அதுவரையில் சங்கங்களே மனுக்களைத் திரட்டி ஒருசேர அனுப்பலாம். காரியதரிசி ஒருவர் போய்வந்தால் இருபது பேரின் அலைச்சல் மிச்சமாகும்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. அனுமதியற்ற கட்டடத்தைச் சங்கம் ஈடாக ஏற்க இயலாது. ஓடையை ஒட்டிய வீடு இடிந்தால் ஈடும் போகும், கடன் மட்டும் நிற்கும். அந்த நஷ்டம் மற்ற அங்கத்தினர்களின் பங்குத் தொகையில்தான் விழும். ஆகவே மனுச் செய்பவர் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தைப் பெற்று, ஓடைக் கோடு எங்கே செல்லுகின்றது என்று பார்க்கட்டும். பிறகு நல்ல மழை பெய்யும் ஒரு நாளில், குடையோடு மனையில் நின்று, நீர் எந்த வழி வருகின்றது, எங்கே திரும்புகின்றது என்று கண்ணால் பார்த்து, அந்த வழியைப் புலப்படத்தில் பென்சிலால் குறிக்கட்டும். அக்கம்பக்கத்து முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். அக்குறிப்போடு கூடிய படத்தைக் கடன் மனுவுடன் இணைத்துக் கொடுத்தால், நம் பார்வையிடும் வேலையும் பாதி முடிந்துவிடும். அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே மனையை நான்கு கஜம் தள்ளி வைத்துக்கொள்ளவும் அவகாசம் இருக்கும்.