ஆப்பிள் மரத்துக்கு எத்தனை டிரம் மருந்து?

ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசியில் இமாசலத்தின் கோட்கட்டிலிருந்து என் வீட்டுக்கு ஓர் ஆப்பிள் பெட்டி வரும். அதில் பாதி நம் சங்கத்துப் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகிறது. அனுப்புகிறவர் கல்கா–சிம்லா பாதையில் என்னோடு வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் நான் சண்டிகரிலேயே தங்கிவிட்டேன். அவர் தகப்பனார் வைத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். 1916இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டது அந்தப் பக்கத்தில்தான்.

நண்பர் அரை ஏக்கரில் இருந்த 55 கிழட்டு மரங்களை எடுத்துவிட்டு, குட்டை இனக் கன்றுகளை நட்டார். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் நிலையத்தில் தேர்ந்தெடுத்து வகைப்படுத்திய எம்-9 என்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவை. வரிசைக்கு வரிசை 3 மீட்டர், மரத்துக்கு மரம் 1 மீட்டர்; ஆக அறுநூறு மரங்கள். நான்காம் ஆண்டு வசந்தத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார். இலையெல்லாம் வெள்ளைப் பூச்சு, ஓரம் கருகுகிறது, மரத்தடி மண் சொதசொதவென்று கிடக்கிறது, மருந்தடிக்கும் நேபாளத் தொழிலாளிக்குக் கைகால் அரிப்பு என்றார்.

எவ்வளவு அடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இஞ்சினியர் சாப், 55 மரம் இருந்தபோது மூன்றேகால் டிரம் அடித்தேன். இப்போது அறுநூறு மரம்! அதே மூன்றேகால்தான் அடிக்கிறேன். இது அதிகமா?"

அங்கே டிரம் என்றால் 200 லிட்டர். மருந்தும் டிரம் கணக்கில்தான். மான்கோசெப் என்றால் டிரம்முக்கு 600 கிராம். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மருந்து மரத்தின் எண்ணிக்கையில் ஒட்டுவதில்லை, இலையில்தான் ஒட்டுகிறது. இலை எவ்வளவு என்று எண்ண முடியாது. அது நிரப்பும் இடத்தை அளக்கலாம்.

இங்கேதான் எனக்குத் தெரிந்த வேலை வந்தது. ரயில் பாதைக்கு மண் கரை போடும்போது உயரம், அகலம், நீளம் மூன்றையும் பெருக்கிக் கன மீட்டர் போடுவோம். மர வரிசையையும் ஒரு கரையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அதை வரிசை இடைவெளியால் வகுத்தால் வரிசைகளின் மொத்த நீளம் கிடைக்கும். அதை மரத்தின் உயரத்தாலும் இலைப்பரப்பின் அகலத்தாலும் பெருக்கினால் கன அளவு. இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1971இல் வர்ஜீனியாவில் பயர்ஸ் குழுவினர் எழுதியது. 1984இல் வட கரோலினாவின் சட்டனும் அன்ராத்தும் இலை அடர்த்தியையும் இதில் சேர்த்தார்கள். கவாத்து செய்யாத அடர்ந்த மரத்துக்குக் கன மீட்டருக்குச் சற்று அதிகமாகவே வேண்டும்.

மே முதல் வாரம் நானே போனேன். பக்கத்துப் பாத்தியில் விட்டுவைத்திருந்த பழைய மரங்கள் 5 மீட்டர் உயரம், நாலரை மீட்டர் அகலம், இடைவெளி 6 மீட்டர்: ஹெக்டேருக்கு 37,500 கன மீட்டர். புதியவை 2.4 மீட்டர் உயரம், 0.9 அகலம், இடைவெளி 3: 7,200 கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

நண்பர் நம்பவில்லை. அதனால் வெறும் தண்ணீரை வாளியில் அளந்து, இலை நுனியில் சொட்டத் தொடங்கும் வரை அடித்துப் பார்த்தோம். பழைய மரம் ஒன்று 12 லிட்டர் குடித்தது. புதிய வரிசையில் 10 லிட்டர் நாற்பத்தைந்து மரத்துக்கு வந்தது. அறுநூறுக்கும் 133 லிட்டர். என் காகிதக் கணக்கு 127. மீதி ஐந்நூற்றுச் சொச்சம் லிட்டரும் மண்ணுக்குத்தான் போயிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். குறைப்பது டிரம்மின் எண்ணிக்கையை. டிரம்முக்குப் போடும் மருந்தை அல்ல. மூன்று டிரம் தண்ணீரில் ஒரு டிரம் மருந்தைக் கரைத்தால், சொட்டியது போக இலையில் நிற்பது நீர்த்த மருந்துதான். மூடுபனிபோல் ஊதும் இயந்திரத்துக்குக் கணக்கு வேறு. அதில் தண்ணீர் குறையும், கரைசல் அடர்த்தி கூடும்.

இத்தோடு முடிந்தது என்று பெருமையாகத் திரும்பினேன். ஜூலை கடைசியில் மறுபடி தொலைபேசி. மர உச்சியில் ஸ்கேப் என்னும் சொறி நோய், காயெல்லாம் கரும்புள்ளி. தப்பு என்னுடையது. மண் கரை போட்ட அளவிலேயே நிற்கும், மரம் நிற்குமா? இரண்டு மாதத்தில் அது 3 மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் ஆகிவிட்டது: 12,000 கன மீட்டர். 210 லிட்டர் கேட்கும் மரங்களுக்கு நான் எழுதிக் கொடுத்த 130 லிட்டரையே அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மருந்து பட்ட இடத்தை மட்டுமே காக்கும். மழைக்காலத்தில் நனைந்த புதுத் தளிர் பூஞ்சைக்கு விருந்து. அந்த ஆண்டு உச்சிக் காய்கள் பெட்டிக்கு ஏறவில்லை, சாறு பிழியத்தான் போயின. நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இப்போது ஒரு மூங்கில் கழியில் இருபது சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு, தோட்ட வாசலில் சாத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவை மருந்து கரைப்பதற்கு முன்பும் வரிசைக்கு ஐந்து மரம் அளக்கிறார்கள். அளப்பவர் அதே நேபாளத் தொழிலாளி. அரிப்பு நின்றுவிட்டது, கையுறையும் முகமூடியும் இப்போது கட்டாயம். சென்ற ஆண்டு ஜூன் கணக்கை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்கள். தப்பாகப் பெருக்கியிருந்தவன் நான்தான்.