நீர்மேல் வழிகாட்டும் கைக்கருவி

நெய்தலும் மருதமும் ஒன்றோடொன்று தழுவிக் கிடப்பது எம் மட்டக்களப்பு நாடு. கிழக்கே, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு செல்லும் வாவி; மேற்கே, காடு சூழ்ந்த உன்னிச்சை முதலிய பெருங்குளங்கள். இந்நீர்ப்பரப்புக்களிற் பகற்பொழுதில் வழி தவறுவார் அரியர். இரவிலோ, மாரிமழை கண்ணை மறைக்கும் வேளையிலோ, கரை எத்திசையிலுளதென அறியாது தோணியிலிருந்து தடுமாறுவோர் உளர். குளத்திலே அத்தடுமாற்றம் இருமடங்கு இடர் தரும். பிழையான கரையில் ஏறுவோர் நீருண்ண வந்த யானையை எதிர்ப்படவும் கூடும்.

முன்னோர் கரையிலுள்ள இரு குறிகளை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்துத் தம் இடத்தை அறிந்தனர். முகத்துவாரத்தை அணுகுவோர்க்குப் பாலமீன்மடு வெளிச்சவீடு துணைபுரிந்தது. விண்மீன்களும் உதவின. ஆனால், துருவமீன் எவ்விடத்தும் அவ்விடத்தின் அகலாங்களவு உயரத்திலேயே தோன்றும். எம் நாட்டில் அது அடிவானிலிருந்து ஏழெட்டுப் பாகையளவே எழுந்து நிற்றலின், மரச்செறிவும் மூடுபனியும் அதனை எளிதில் மறைத்துவிடும்.

கனடாவில் வாழும் பழைய மாணவரொருவர், உன்னிச்சையில் மீன்பிடிக்கும் தம் தமையனார்க்கு ஜி.பி.எஸ். கைக்கருவியொன்று அனுப்ப விரும்பி, எதனைத் தெரிந்தெடுக்கலாமென என்னை வினவினார். அவர்தாமும் பனிக்காலத்தில், ரொறன்ரோ நகருக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியின் உறைந்த பரப்பிலே துளையிட்டுத் தூண்டில் போடுபவர். ஆங்கு பனிப்புயல் கரையை மறைக்கும். ஈங்கு மழை மறைக்கும். இருவர்க்கும் வேண்டுவது, புறப்பட்ட இடத்திற்குத் திரும்பும் வழியேயாம்.

இக்கருவி தொழிற்படும் முறையை முதலில் அறிதல் நன்று. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகள், தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடையறாது வானலையில் அறிவிக்கின்றன. அவ்வலை எம்மை வந்தடையச் செல்லும் காலத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கின்றது. ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைபடும். ஆதலின், இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், கருவியின் கடிகாரத்தைத் திருத்த நான்காவதொன்றும் தேவை. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு தான் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை நீக்கிய பின்னர், திறந்த வெளியில் ஒரு சில மீற்றர் நுட்பத்துடன் இடமறிதல் எல்லார்க்கும் கைகூடிற்று.

இனி, தெரிந்தெடுக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, நீர்க்காப்பு. ஐ.பி.எக்ஸ். 7 என்னும் குறி, ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் கருவி பழுதுறாது என்பதைக் காட்டும். ஆனால், பழுதுறாமை வேறு, மிதத்தல் வேறு. மிதவாத கருவியைக் கயிற்றாற் கழுத்திற் கட்டுக.

இரண்டாவது, பொத்தான்கள். தொடுதிரை ஈரவிரலுக்கும் மழைத்துளிக்கும் மயங்கும். ஆங்குக் கையுறை அணிந்தோர்க்கும் இடர் தரும். ஆதலின், அழுத்தும் பொத்தான் உடையதே இருவர்க்கும் ஏற்றது. வெயிலிலும் தெளிவாகத் தெரியும் திரையும் வேண்டும்.

மூன்றாவது, மின்கலம். கடையில் வாங்கும் இரு சிறு மின்கலங்களால் இயங்கும் கருவியே சிறந்தது. தீர்ந்தால் நீர்மேலேயே மாற்றலாம். கடுங்குளிரில் அல்கலைன் கலங்கள் விரைவிற் சோர்வுறுமாதலின், கனடாவிலுள்ளோர் லிதியம் கலங்களைக் கொள்க.

நான்காவது, திசைகாட்டி. எளிய கருவிகள் நாம் நகரும்போது மட்டுமே திசையைச் சரியாகக் காட்டும். நின்ற தோணியிலிருந்து திசையறிய, மின்திசைகாட்டி அமைந்ததை வாங்குக.

வந்த சுவட்டைப் பதிந்து திரும்ப நடத்தும் வசதியும், இடங்களைக் குறித்துவைக்கும் வசதியும் இன்றியமையாதன. துறையையும், வலையைக் கிழிக்கும் மூழ்கிய மரக்கட்டையையும் இவ்வாறு குறித்துக்கொள்ளலாம். ஏனைய அலங்காரங்களுக்குப் பணம் இறைக்க வேண்டியதில்லை. இக்கருவி மீனிருக்குமிடத்தையோ நீரின் ஆழத்தையோ காட்டாது. அதற்கு ஒலியலைக் கருவி வேறு. கைத்தொலைபேசியும் செய்மதியைக் கேட்குமாயினும், நீருக்கும் நெடுநேர உழைப்புக்கும் அதனை நம்பியிருத்தல் தகாது.

இடத்தை ஒருவர்க்கொருவர் அறிவிக்கையில் விழிப்பு வேண்டும். 7 பாகை 30 கலை என்பது 7.5 பாகையேயன்றி 7.30 பாகையன்று. இவ்விரண்டையும் மயங்கக் கொள்வோர் ஏறத்தாழ 22 கிலோமீற்றர் தவறுவர். தேடிச்செல்லும் தோணி ஒரு குளத்தையே விட்டு அப்பாற் போய்விடும்.

இறுதியாக ஒன்று. இக்கருவி கேட்குமேயன்றிப் பேசாது. நாம் இருக்குமிடத்தை அது நமக்கு மட்டுமே கூறும், வீட்டிலுள்ளோர்க்குக் கூறாது. ஆதலின், எந்தத் துறையிலிருந்து புறப்படுகின்றோம், எப்பொழுது மீள்வோம் என்பவற்றைச் சொல்லிச் செல்லும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது. தோணியைத் தள்ளுமுன் துறையிலே நின்று, செய்மதிகள் அகப்படும்வரை பொறுத்து, அவ்விடத்தைக் குறித்துக்கொள்க. புறப்பட்ட இடத்தைக் குறியாதவனுக்கு எத்துணை விலையுயர்ந்த கருவியும் திரும்பும் வழியைக் காட்டாது. இதனையே நான் அம்மாணவர்க்கு எழுதினேன். பரிசை அனுப்பும்போது இவ்வொரு பழக்கத்தையும் தமையனார்க்குச் சேர்த்து அனுப்புமாறு வேண்டினேன்.