பழைய பொருள்களைக் கொண்டு பொதுச் சாவடி அமைத்தல்

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலையில் குஜராத்தின் கச்சுப் பகுதியில் நேர்ந்த பூகம்பத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அஞ்சார் நகரில் குறுகிய தெரு வழியே குடியரசு தின ஊர்வலம் சென்ற பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களும் சரிந்த கட்டடங்களின் கீழ் மாண்டனர். கிராமங்களில் விழுந்த கற்சுவர்கள் பலவற்றில் குறை கல்லில் இல்லை, பிணைப்பிலேயே இருந்தது. மண்சாந்தில் அடுக்கிய சுவரின் உள்வரிசையும் வெளிவரிசையும் தனித்தனியே பிரிந்து சாய்ந்தன. ஆகவே, இடிபாட்டில் கிடைக்கும் கல்லையும் மரத்தையும் மீண்டும் பயன்படுத்தலாம். பழைய முறையில் கட்டுதல் மட்டும் ஆகாது.

ஊர் முற்றத்தில் கூட்டம் நடத்தவும் பாடம் சொல்லவும் ஏற்ற ஒரு சாவடியைக் கொண்டு இதனை விளக்குவோம். புதுப் பொருள்களால் கட்டுவோர் முதலில் வரைபடம் தீட்டிப் பின்னர்ப் பொருள் வாங்குவர். இங்கோ முதலில் பொருள்களைத் தரம் பிரித்து, அளந்து, சோதித்த பின்னரே வரைபடம் தீட்டுதல் வேண்டும்.

செங்கற்கள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலித்தல் வேண்டும். உலர்ந்த செங்கல்லை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுத்தால், எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் கூடாது. மரத்தில் கத்திமுனை எளிதில் இறங்குமாயின் அது உளுத்தது. தூணுக்கோ உத்தரத்துக்கோ உதவாது. பழைய கல்நார்த் தகடுகளை அறுக்கவோ உடைக்கவோ கூடாது; அவற்றின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அவற்றை அறவே விலக்குக.

தேறிய மரங்களின் நீளமே தூண்களின் இடைவெளியை நிர்ணயிக்கும். குட்டையான மரங்களை ஒட்டுப்போட்டு நீட்டுவதினும், தூண்களை நெருக்கி நடுவதே நலம். கனமான பொருள் கீழேயும் இலேசான பொருள் மேலேயும் அமைதல் வேண்டும். கற்களைக் கொண்டு அடித்தளமும் முழங்கால் உயரத் திண்ணையும் கட்டுக. உடைந்த துண்டுகளைத் தரைக்கடியில் இட்டு, நீர் தெளித்துத் திமிசு கொண்டு இறுக்குக. மரத்தூண்களை மண்ணில் புதைக்காமல் கற்பீடத்தின் மேல் நிறுத்தி, இரும்புப் பட்டையால் பிணைத்தல் வேண்டும். தூணும் உத்தரமும் கூடுமிடங்களில் சாய்வுக் கட்டைகள் இன்றியமையாதவை. ஓடுகளைக் கம்பியால் சட்டங்களோடு கட்டுக.

வெயிலை மறைக்க ஒரு பக்கம் கற்சுவர் தேவைப்படின், சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவும் பிணைப்புக் கற்களை ஒவ்வொரு 60 சென்டிமீட்டர் உயரத்திலும், 1.2 மீட்டருக்கு மேற்படாத இடைவெளியிலும் வைத்தல் வேண்டும். சாவடி நிற்குமிடம், அருகிலுள்ள பழஞ்சுவரிலிருந்து அச்சுவரின் உயரத்தினும் அதிகத் தொலைவில் இருத்தல் நன்று.

செங்கல்லை நிறுத்துப் பார்த்தல் மாணவர்க்கு நல்லதொரு செய்முறைப் பாடமாகும். ஆணி பிடுங்குதலையும் பாரம் தூக்குதலையும் பெரியோரே செய்க. சோதனையில் தவறிய பொருள் எத்துணை அழகியதாயினும், குழந்தைகளின் தலைக்கு மேல் அதற்கு இடமில்லை.