பல் மருத்துவ நாற்காலியில் மயக்கம்

பல் சிகிச்சையின்போது நேரும் அவசரநிலைகளில் மிகுதியாகக் காணப்படுவது மயக்கம் ஆகும். ஊசி பற்றிய அச்சத்தால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சரிந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் இது ஏற்படுகிறது. முகம் வெளுத்து வியர்க்கும். நாற்காலியைப் படுக்கைபோல் சாய்த்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலோர் ஓரிரு நிமிடங்களில் தெளிவர். தெளியாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

நீரிழிவு மாத்திரை போட்டுக்கொண்டு, பல் வலியால் சாப்பிடாமல் வருபவருக்கு இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். இதிலும் வியர்வை உண்டு. ஆனால் நடுக்கமும் குழப்பமும் சேர்ந்திருக்கும். விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ் தரலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மருந்து கொடுத்தபின் தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றினால் அது கடும் ஒவ்வாமை, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் மருத்துவர் உடனே செலுத்த வேண்டும். மூச்சும் நாடியும் நின்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் உள்ளது. தாம்பரம், குரோம்பேட்டை கடைத்தெருக்களில் கிளினிக் மாடியில் இருந்தால், அழைத்தவுடன் ஒருவர் கீழே இறங்கிச் சாலையோரம் நிற்பது நல்லது. மாலை நேர ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வண்டி வந்து சேர்வதே தாமதமாகலாம். வந்தபின் படிக்கட்டைத் தேடும் நிமிடங்களையாவது இவ்வாறு மிச்சப்படுத்தலாம்.