குழந்தைகளின் வைத்தியமும் குடும்ப இன்ஷூரன்ஸும்

ஒருவரால் தாங்க முடியாத பாரத்தைப் பலர் கூடித் தாங்குவதே கூட்டுறவின் சாரம். நூல் கொள்முதலிலும், விளைபொருள் விற்பனையிலும், கடன் வசதியிலும் இவ்வுண்மையை நம் அங்கத்தினர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். இதே தத்துவத்தை நோய்க்கும் பொருத்துவதுதான் வைத்திய இன்ஷூரன்ஸ். ஆயினும் நூலுக்கும் ஏலக்காய்க்கும் கணக்கு எழுதிவரும் நாம், குழந்தைகளின் நோய்க்கென முன்னேற்பாடு செய்துவைப்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் பாதையில், விடியற்காலையிலேயே ஜீப்புகளில் தொழிலாளர் கூட்டம் ஏலத் தோட்டங்களுக்குச் செல்வதை யாவரும் அறிவர். குரங்கணி, கொட்டகுடிப் பகுதிகளில் மலைச் சரிவிலேயே குடியிருப்போரும் உளர். இவர்களுக்கு அன்றைய வேலைக்குத்தான் அன்றைய கூலி. ஆண்டிபட்டி, சக்கம்பட்டி நெசவாளர் நிலையும் இதற்கு வேறன்று. தறி நின்றால் வருமானம் நின்றுவிடும். இத்தகைய வீட்டில் ஒரு குழந்தைக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டால் நேர்வது யாது? தாயும் தந்தையும் வேலையை விட்டு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், கூலி போகும். வைத்தியச் செலவுக்கு நகையோ நிலமோ அடகுக்குப் போகும். நோய் தீர்ந்த பின்னும் வட்டி தீராது. ஏலக்காயின் விலையை ஏலக் கூடத்தில் அறிந்துகொள்ளலாம். நோயின் விலையை முன்கூட்டி அறிவார் எவருமிலர்.

இந்நிலையை மாற்றத் தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் இடத்தில் 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மூலம் இது நடத்தப்பட்டு வந்திருக்கிறது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இது இணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற காப்புத் தொகையும் அவ்வாண்டிலேயே வந்தது. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. அங்கத்தினர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

யார் சேரலாம் என்பதற்கு வருமான வரம்பு உண்டு. தொடக்கத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றிருந்த வரம்பு, 2022 ஜனவரியில் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது, குடும்பம் முழுவதற்கும் மாதச் சராசரி 10,000 ரூபாய்.

காப்பு தனி மனிதருக்கன்று, குடும்பத்துக்கு என்பதை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்துள்ள பெற்றோர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். ஆனால் குடும்பத்தார் யார் என்பதற்கு ரேஷன் அட்டையே ஆதாரம். குழந்தை பிறந்து பல ஆண்டுகளாகியும் அட்டையில் பெயர் சேர்க்காதிருந்தால், அவசர வேளையில் அப்பெயரை நிரூபிக்க அலைய நேரிடும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வதற்குக் கட்டணமில்லை. பிறப்புச் சான்று பெற்றதும் ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதே பெற்றோரின் முதற்கடமை. பின்னர் ரேஷன் அட்டை, ஆதார், வருவாய்த் துறையினரின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் தேனி கலெக்டர் ஆபீஸிலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிந்துகொள்ளலாம்.

இத்திட்டம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதிலும் தெளிவு தேவை. சாதாரணக் காய்ச்சல், இருமலுக்குப் புறநோயாளியாக வாங்கும் மருந்துச் செலவு இதில் வராது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், போடி அரசு மருத்துவமனையும், க. விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. காப்பீடு என்பது, பட்டியலில் கண்ட பெரிய சிகிச்சைகளுக்கானது. பட்டியலிலுள்ள அரசு அல்லது தனியார் ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சேர்த்ததும், ஆஸ்பத்திரியார் கம்பெனிக்கு எழுதி முன் அனுமதி பெறுவர். பணம் கம்பெனியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குச் செல்லும். ஆகவே சேர்க்கும்போதே அட்டையைக் காட்டுக. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டுப் பெறலாம் என்று எண்ணற்க.

சில சிகிச்சைகளுக்குக் காலம் முக்கியம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை இத்திட்டத்தில் உண்டு. ஆனால் அது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே. தறியோசை ஓயாத வீட்டில் குழந்தைக்குக் கேட்கவில்லை என்பது எளிதில் புலப்படாமற் போகலாம். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராத குழந்தையை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று, 18 வயது வரையுள்ள சிறாரைப் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்நாளில் குழந்தையை மலைக்கு அழைத்துச் சென்றுவிடாதிருத்தல் நலம்.

எல்லையைக் கடந்து இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலின்படி ஆயுஷ்மான் பாரத்தில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கே பிற மாநிலங்களிலும் அக்காப்பு செல்லும். தம் குடும்பம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பதியும்போதே கேட்டறிவது உத்தமம்.

வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பங்களின் கதி என்ன என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. அமெரிக்காவிலும் இக்கேள்வி எழுந்தது. 1965இல் ஏழைகளுக்கென ஏற்பட்ட மெடிக்கெய்ட் திட்டத்தின் வரம்பைத் தாண்டியும், தனியார் இன்ஷூரன்ஸ் வாங்க வசதியற்றும் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1997இல் தனித் திட்டம் ஒன்றை அந்நாட்டார் இயற்றினர். நம் அண்டையிலுள்ள கர்நாடகத்திலோ வழிகாட்டியது கூட்டுறவு இயக்கமே. 2003இல் தொடங்கிய யசஸ்வினி திட்டத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் செலுத்தி அறுவைச் சிகிச்சைக் காப்புப் பெற்றனர். 2018இல் அது அரசின் பொதுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, பின்னர் மீண்டும் தனியே உயிர்பெற்றது. சிறு துளிகள் சேர்ந்தால் ஆபரேஷன் செலவையும் தாங்கும் என்பதற்கு இது சான்று.

நம் சங்கங்கள் இப்போதே செய்யக்கூடியது எளிய காரியம். நூல் வழங்கும் நாளிலும், பட்டுவாடா நாளிலும் அங்கத்தினர் தம் ரேஷன் அட்டையைக் கொண்டுவரட்டும். குழந்தைகள் எத்தனை பேர், அட்டையில் எத்தனை பெயர் என்று காரியதரிசி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விடுபட்டவர்களின் ஜாபிதா தயாரித்து, ஒரே நாளில் பலரையும் தேனிக்கு அழைத்துச் சென்றால் தனித்தனியே கூலி இழந்து அலைய வேண்டியதில்லை.

குழந்தை நோயுற்ற பின் தேடும் அட்டையை விட, நலமாயிருக்கும்போது பெட்டியில் எடுத்துவைத்த அட்டையே பயன் தரும். இம்மாதமே அட்டையை எடுத்துப் பாருங்கள்.