குரல் வராதவர் சம்மதித்தவர் ஆவாரா?

காணொலிக் கூட்டம் கடைவீதிக்கும் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. சங்கக் கூட்டமானாலும், கம்பெனிகள் நடத்தும் டீலர் கூட்டமானாலும், ஜி.எஸ்.டி. விசாரணையானாலும் "லிங்க் அனுப்பியிருக்கிறோம், வந்து சேருங்கள்" என்கிறார்கள். சேர முடியாமல் போனவர் கதி என்ன என்பதை யாரும் பேசுவதில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். இதில் நம் தவறு ஒன்றும் இருக்கிறது.

2020 ஏப்ரல் மாதம். ஊரடங்கு. மளிகைக் கடைகளுக்குப் பகல் 1 மணி வரைதான் அனுமதி. மில்காரர்கள் பணம் கட்டினால்தான் லோடு என்று சொல்லிவிட்டார்கள். கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் பகுதிகளின் மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களுமாகப் பதினாறு பேர் செல்போனிலேயே கூடினோம். சாதாரண நாளில் கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர் தூரம்தான். பஸ் ஏறினால் யாராவது ஒருவர் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து காபி குடித்தபடியே பேசி முடித்திருப்போம். அன்று அதற்கு வழியில்லை.

சில்லறைக் கடைகளுக்குக் கொடுத்து வந்த 30 நாள் கடனை நிறுத்துவதா என்பதுதான் விஷயம். சிதம்பரத்திற்குக் கிழக்கே உள்ள கிராமம் ஒன்றில் கடை வைத்திருப்பவர் முதலில் பேசினார். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தாம் கடனுக்குக் கொடுத்திருப்பதாகவும், 15 நாளாவது தவணை வேண்டும் என்றும் கேட்டார். பேச்சு நீண்டது. நாம் பயன்படுத்தியது கட்டணமில்லாத சேவை. அதற்குரிய நேரம் முடிந்ததும் கூட்டம் தானாகவே அறுந்துவிட்டது. மறுபடி லிங்க் அனுப்பினார்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று நாமே கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை. இனி ரொக்கத்திற்கே சரக்கு என்று ஏகமனதாக முடிவானதாக நோட்டில் எழுதியதும் நம் கைதான்.

மூன்றாம் நாள் வேன் டிரைவர் பணம் கேட்டபோதுதான் அந்தக் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்தது. போனில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "முதலாளி, நான் எப்போ சரின்னு சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது லிங்க் அவருக்குத் திறக்கவே இல்லையாம். பதினாறு பேரில் பதினைந்து பேர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் சிறுவயதில் தகப்பனார் விருதுநகருக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டுப் பருப்பு விலைக்காகக் காத்திருப்பார். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைன் கிடைத்தால் கத்திப் பேச வேண்டும். ஆனால் எதிரில் ஒருவர்தான். அவர் குரல் போனால் பேச்சே நின்றுவிடும். நமக்கு உடனே தெரிந்துவிடும். பலர் கூடும் இணைப்பில் அப்படியில்லை. அங்கே நம்மை ஒருவருக்கொருவர் நேராக இணைப்பதில்லை. மண்டிக்கு எல்லோர் சரக்கும் வந்து சேருவது போல எல்லோர் குரலும் நடுவில் ஓர் இடத்திற்குப் போகின்றன. அதை 'பாலம்' என்பார்கள். பாலம் குரல்களைக் கலந்து, அவரவர் குரலை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதை அவரவருக்கு அனுப்புகிறது. ஒருவருடைய வழி அறுந்தாலும் மற்றவர்கள் பேச்சு தடையின்றி ஓடும். ஒருவர் இல்லாதது காதுக்குத் தெரிவதில்லை.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும்தானா? 2019 பிப்ரவரி 20-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 33-வது கூட்டம் காணொலி வாயிலாக நடந்தது. ஜனவரி மாத 3பி ரிட்டர்ன் தாக்கலுக்கு இரண்டு நாள் நீட்டிப்புக் கொடுப்பதில் தகராறு இல்லை. வீட்டுமனைத் தொழில், லாட்டரி வரி ஆகியவற்றை எடுத்தபோது, இவற்றை நேரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று சில மாநில அமைச்சர்கள் சொல்லிவிட்டார்கள். கூட்டம் 24-ம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டு டெல்லியில் நடந்தது. லாட்டரி அன்றும் முடியவில்லை. அதே வருடம் டிசம்பர் 18-ல் ஓட்டெடுப்பில் முடிந்தது. கவுன்சிலில் ஓட்டெடுப்பு நடந்தது அதுவே முதல் தடவை. தேதியைத் தள்ளிவைக்கக் காணொலி போதும், பணம் யார் கையிலிருந்து போகும் என்பதற்குப் போதாது என்று அமைச்சர்களே நினைத்திருக்கிறார்கள். பின்னால் 2020 ஜூன் முதல் தொற்றுக் காரணமாகக் கவுன்சில் வரிசையாகக் காணொலியிலேயே கூடியது. 2021 செப்டம்பர் 17-ல் லக்னோவில்தான் மறுபடி நேரில் கூடினார்கள்.

நம் கடைகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது வேறொன்று. மத்திய மறைமுக வரி வாரியம் 2020 ஆகஸ்ட் 21-ம் தேதி, நேர்முக விசாரணைகளைக் காணொலியில் நடத்தும்படி உத்தரவிட்டது. அப்போது கொடுத்த விதிமுறைப்படி, நாம் சொன்னதை எழுதி ஈ-மெயிலில் நமக்கு அனுப்புவார்கள். தவறு இருந்தால் 3 நாளுக்குள் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. நாம் நோட்டில் எழுதியதும் இதேதான். விசாரணை வந்தால் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட வேண்டாம். அந்த ஈ-மெயில் யார் பெட்டிக்குப் போகிறது என்று அன்றே கேளுங்கள். நம்மில் பலருடைய ஈ-மெயிலைத் திறப்பது கம்ப்யூட்டர் சென்டர் பையன்தானே!

அந்தக் கடைக்காரர் விஷயத்திற்கு வருவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடினோம். அவரிடம் இருந்தது பட்டன் போன். அன்று மகன் போனில் வந்திருக்கிறார். லிங்க் எல்லாம் வேண்டாம் என்று சாதாரண செல்போனிலேயே 'கான்பரன்ஸ்' போட்டோம். ஒருவரை அழைத்து, அடுத்தவரை அழைத்து, இரண்டையும் சேர்க்க வேண்டும். இப்படிக் கூப்பிடுகிறவரையும் சேர்த்து ஆறு பேர் வரை பேசலாம், இன்டர்நெட் தேவையில்லை. மீதிப் பேர் காணொலியில் இருந்தார்கள். அந்த போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்பீக்கரில் வைத்தால் முதலில் ஊளைச் சத்தம்தான் வந்தது. ஒன்றின் ஒலி மற்றதன் மைக்கில் ஏறித் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் வருவது அது. சத்தத்தைக் குறைத்துத் தள்ளி வைத்ததும் அடங்கியது. லைன் சுமாராக இருந்தவர்களைப் படத்தை அணைக்கச் சொன்னோம். படம்தான் லைனை விழுங்குகிறது, குரலுக்குக் கொஞ்சம் போதும். ஒருவர் மட்டும் தம் முகம் தெரிய வேண்டும் என்று கடைசிவரை அணைக்கவில்லை. அவரைத்தான் பாதி நேரம் கேட்க முடியவில்லை.

பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் வாயால் பதில் வாங்கினோம். ஒருவர் லைன் போனால் அவர் வரும்வரை பேச்சை நிறுத்தினோம். முன்பு முக்கால் மணியில் முடிந்தது, இப்போது இரண்டு மணி நேரம் ஆயிற்று. கிராமக் கடைகளுக்கு 15 நாள் தவணை, டவுன் கடைகளுக்கு ரொக்கம் என்று முடிவாயிற்று. பழைய பக்கத்தில் 'ஏகமனதாக' என்று எழுதியிருந்ததை அடித்துக் கையெழுத்துப் போட்டோம்.

இப்போதும் மழை, புயல் என்றால் செல்போனில்தான் கூடுகிறோம். கூட்டம் ஆரம்பித்ததும் முதலில் அவர் பெயரைத்தான் கூப்பிடுவது. சென்ற தடவை கூப்பிட்டபோது, "இருக்கேன் முதலாளி, கடையில ஆள் நிக்குது, ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்றார். பதினைந்து பேரும் பொறுத்திருந்தோம். அவர் துவரம்பருப்புக் கால் கிலோ நிறுத்துப் பொட்டலம் கட்டும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.