யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

கோட்டக்குப்பத்து வாலிபர் ஒருவர் பௌதிகப் பட்டதாரி. மேற்படிப்புக்குக் கடல் விஞ்ஞானத்தை நாடுகிறார். சிபார்சுக் கடிதங்களை யாரிடம் பெறுவது என்று கேட்டார். பெரிய பதவி வகிப்பவரிடமா, அத்துறை வல்லவரிடமா?

ராமானுஜன் சரித்திரமே இதற்கு விடை. பட்டம் பெறாத அவருக்காக 1913-ல் சென்னை ஸர்வகலாசாலைக்கு எழுதியவர்களில் ஒருவர், வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர். ராமானுஜன் ஈடுபட்ட கணிதப் பிரிவில் தாம் தேர்ந்தவரல்லர் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும், தாம் பார்த்த கணக்குகளின் புதுமையை எடுத்துரைத்து, முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட அவருக்கு வசதி செய்வது தகும் என்றார். மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது.

ஆகவே, தம்பி, மரக்காணம் உப்பளப் பாத்திகளில் நீர் உவர்நீரின் அடர்த்தியை அளந்தபோது உடனிருந்து பார்த்த ஆசிரியரிடமே முதற் கடிதம் கேளும். கடல் விஞ்ஞானம் அவருக்குத் தெரியாமலிருக்கலாம். உமது உழைப்பு தெரியும்.